நல்லையா வீட்டுக் காளாஞ்சி

ஆட்டோவைக் கோயில் முடக்கில் நிறுத்திய பண்டா, இறங்கப்போன நல்லையாவைத் திரும்பிப் பார்த்து, "கிரி கபன்னத யன்னே?" என்றார். மகள் மலேசியாவுக்கு ரப்பர் பால் வெட்டவா போகிறாள் என்று சிங்களத்தில் அக்கறையாகத்தான் கேட்டார். நல்லையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கித்துல்கலைப் பக்கம் பிறந்தவர்களுக்கு மலேசியா என்றால் ரப்பர். தோட்டத்திலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "அங்கயும் அட்டை ஜாஸ்தியாம், பாத்து இருக்கச் சொல்லுங்க" என்று போனார்கள்.

மகள் கிருஷ்ணகுமாரி கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடமாகிறது. வெள்ளவத்தை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே சம்பளம் சரியாகப் போனது. கோலாலம்பூரில் சம்பளம் மும்மடங்கு, செலவு அப்படி ஏறாது என்று அவள் விளக்கியபோது நல்லையாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கம்பெனிக்காரர்கள் அவர்களாகவே கூப்பிட்டு, டிக்கெட்டும் போட்டு, தங்க வீடும் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பது நன்றாகவே புரிந்தது. இந்தத் தோட்டத்து ஆளை இதுவரை யார் அப்படி வருந்தி அழைத்தார்கள்? அந்த நினைப்பில் அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷம் வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தது.

போன வாரம் கோயில் தலைவர் யோகராஜ் வீட்டுக்கே வந்திருந்தார். "இந்த வருஷம் திருவிழாவுல ஒங்களுக்கும் காளாஞ்சி இருக்குண்ணே. மக வெளிநாடு போறாள்ல."

"புள்ளைக்கே குடுத்துரலாமே, தலைவரே."

"பொம்பளப் புள்ளைக்குக் குடுத்து வழக்கம் இல்லையே."

உள்ளதைச் சொன்னால், அவருக்கும் ஆசை இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் தோட்டத்துத் தொரைக்கும் பெரிய கிளாக்கருக்கும் தலைவருக்கும் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பரிவட்டம் கட்டி, தேங்காய் மூடியும் வெற்றிலையும் வைத்த காளாஞ்சித் தட்டைக் கொடுப்பதை ஆயுசு முழுக்கப் பின்வரிசையிலிருந்தே பார்த்தவர் அவர். ஒரு தடவையாவது தன் பேர் அந்தக் குழாயில் வராதா என்று ஏங்காத திருவிழா இல்லை.

இன்று அவருக்கு ஆண்கள் பக்கம் முன்பாயிலேயே இடம் கிடைத்தது. மற்ற மூவரும் வாங்கிய பிறகு யோகராஜ் மைக்கில் செருமினார். "அடுத்த காளாஞ்சி, மலேசியாவுக்கு வேலைக்குப் போகும் புதல்வியைப் பெற்ற திரு. நல்லையா அவர்களுக்கு."

நல்லையா எழப்போனார். பின்னாலிருந்து யாரோ பக்கத்து ஆளிடம், "பால் வெட்டத்தானே போவுது, அதுக்கு இம்புட்டா?" என்றது காதில் விழுந்தது.

நல்லையா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யோகராஜ் மறுபடியும் கூப்பிட்டார். இந்தக் கோயிலில் ஒரு பேரைக் கூப்பிட்டுவிட்டால் அந்த வீட்டு ஆள் வாங்கும்வரை தட்டைக் கீழே வைக்கக்கூடாது. பூசாரி தட்டும் கையுமாக நின்றார். தொரை கிளாக்கரைத் திரும்பிப் பார்த்தார். யோகராஜ் வேகமாக வந்து குனிந்தார்.

"என்னண்ணே, மானத்த வாங்குறீங்க?"

"கால் புடிச்சிக்கிச்சு, தலைவரே. வீட்டு ஆளு யாராச்சும் வாங்கலாம்ல? அது வழக்கம்தானே?"

அந்த வீட்டில் மனைவி ஜீவராணியையும் மகளையும் விட்டால் வேறு ஆள் கிடையாது. யோகராஜுக்கு விஷயம் விளங்கியது. முறைத்தார். பூசாரி தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். முறைத்தவர் மெல்லச் சிரித்துவிட்டார்.

"மைக்குல என்னன்னு சொல்ல?"

"புள்ளை முழுப்பேரச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் இன்ஜினியர்னு சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, மேட்டு லயத்து வீடுகளுக்கும் கேக்கணும்."

சொன்னார். நல்லையா கிருஷ்ணகுமாரி, கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று குழாய் முழங்கியது. ரப்பர் மலை அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னது. பெண்கள் பக்கம் யாரும் அசையவில்லை. மகள் தலைகுனிந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜீவராணிதான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போடி, கூப்பிடுறாங்கள்ல."

அவள் எழுந்து நடந்தாள். பூசாரி சிவப்புப் பட்டுத் துணியை எடுத்து ஒரு கணம் தயங்கினார். பூ வைத்த தலையில் அதை எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளே பூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். தவில் ஓங்கி ஒலித்தது. நல்லையாவுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தபோது மகள் தட்டோடு நேரே அவரிடம் வந்துகொண்டிருந்தாள்.

"கால் எப்படிப்பா இருக்கு?"

"இப்ப பரவால்லம்மா."

அவள் சிரித்தாள். பரிவட்டம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நல்லையா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முன்பாயில் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் பெரிய கிளாக்கருக்கும் நடுவே ஒரு ஆள் உட்கார இடம் வந்தது.