புதுச்சத்திரத்துக்குள் தீரும் பார்சல்

தேவநாதனுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு. ஆனால் 2009 சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும், ராத்திரியானால் மனைவி வெண்மதியிடம் ஒரே பல்லவிதான்: "வயிறு மந்தமா இருக்குது. ரெண்டு வாய் போதும்."

மந்தத்துக்குக் காரணம் அண்ணாமலை நகரில் இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அங்கே ஓர் ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவான். காலையில் ஓட்டமும் நடையுமாக வெறும் காபி, மதியம் கேண்டீன். ராத்திரிச் சாப்பாடு ஒன்றுதான் வீட்டில். அதற்கும் வந்தது வினை. மாணவர் லாட்ஜுகளுக்கு எதிரே ராஜமாணிக்கம் என்பவர் தள்ளுவண்டியில் ஃபாஸ்ட் ஃபுட் கடை போட்டார். கூட வேலை பார்க்கும் அந்தோணிசாமி, "ஒரு தடவ தின்னு பாரு மச்சான்" என்று முட்டை ஃப்ரைடு ரைஸ் பார்சலைக் கையில் திணித்தான். அவ்வளவுதான், ஆள் காலி. அன்றிலிருந்து சாயங்கால பஸ்ஸில் கடைசி சீட்டு, மடியில் பார்சல், கையில் பிளாஸ்டிக் ஸ்பூன். நூல் சுற்றிய சாஸ் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்தால் புதுச்சத்திரம் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். காகிதத்தை ஜன்னல் வழியே வீசிவிட்டு நல்ல பிள்ளையாக வாயைத் துடைத்துக்கொள்வான்.

பசித்தவன் தின்கிறான், இதிலென்ன குற்றம் என்று கேட்கலாம். தின்றதில் குற்றமில்லை. கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகாத வெண்மதி, அவன் வந்தால்தான் தானும் சாப்பிடுவாள். முதல் நாளே "கடையில தின்னுட்டேன், நீ சாப்புடு" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஐயாவுக்கு வாய் வரவில்லை. வயிற்றின்மேல் பழியைப் போட்டான்.

அவள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அதையும் இந்த மகானுபாவன் மூன்று வேளையும் கூசாமல் குடித்தான். அவள் காரத்தைக் குறைத்துப் பார்த்தாள். புளியைக் குறைத்தாள். திட்டக்குடியிலிருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு, எதை எப்படி வைப்பதென்று கேட்டுக் கேட்டுச் சமைத்தாள். என்ன வைத்தாலும் அவன் ரெண்டு வாயில் எழுந்துவிடுவான். மீந்ததை மறுநாள் பகலில் அவள் தனியாகச் சாப்பிட்டாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி. வழக்கம்போல் பஸ்ஸில் முட்டை ரைஸை முடித்துவிட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜான்சிதான் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வெண்மதி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்குதுண்ணே. மண்சோறு சாப்புடுதாம். ஒங்க வயித்துக்காவத்தான் இருக்கும். நாங் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

சாவியை வாங்காமலே ஓடினான்.

கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஈரப்புடவையோடு வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். இலை இல்லை, தட்டு இல்லை. வெறும் தரையில் சோறு போட்டிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயாலேயே எடுத்துத் தின்றார்கள். மூன்றாவதாக வெண்மதி. மூக்கிலும் மோவாயிலும் பருக்கை. தேவநாதன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவன் வாயில் சாஸ் வாடை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வரும்போது, இனியும் மறைத்தால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"வெண்மதி, என் வயித்துக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குது. இதுக்குப் போயி நீ..."

"தெரியுங்க" என்றாள் அவள். "சட்டைய யாரு தொவைக்கிறது? தெனமும் சாஸ் கறை. ஒருநாளு பாக்கெட்ல ஸ்பூனே கெடந்துது."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அப்ப எதுக்கு மண்சோறு?"

அவள் மோவாயில் ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டிவிட்டாள்.

"எங் கைக்கு ருசி குடு தாயேன்னு வேண்டிக்கிட்டேன். வீட்டுல சோறு இருக்கசொல்ல ஒரு மனுசன் வெளிய தேடிப் போறாருன்னா, கொற சமைக்கிறவகிட்டதான?"

வீட்டுக்கு வந்ததும் அவனே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. வயிறு கழுத்துவரை நிறைந்திருந்தது. ஆனாலும் பிசைந்து பிசைந்து தின்றான். இத்தனை மாதத்தில் அந்த ரெண்டு வாயைக்கூட அவன் ருசி பார்த்துத் தின்றதில்லை. குழம்பு நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

"ருசியா இருக்குது வெண்மதி. இன்னும் கொஞ்சம் ஊத்து."

கரண்டியைப் பிடித்தபடி அவள் அவனையே பார்த்தாள்.

"இது காலையில வெச்ச கொழம்புங்க" என்றாள். "வேண்டிக்கிறதுக்கு முன்னாடி வெச்சது."

தேவநாதன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.