31-12-9999க்கு மறுநாள்

1

இந்தக் கதை என் அண்ணியிடமிருந்து திருடியது. பின்னால் நீங்கள் கண்டுபிடித்து மானத்தை வாங்குவதற்குள் நானே கையைத் தூக்கிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையில் அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு நகரக் கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "பொணத்துக்கும் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கல்யாணமான புதிதில் அண்ணன் கேட்டானாம். "ரெண்டையும் ஒரு தடவை புதைச்சுட்டா யாரும் தோண்டிப் பாக்கறதில்ல" என்றாராம் அண்ணி.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்:

"கி.பி. 10000, ஜனவரி முதல் தேதி. வானத்தில் பறக்கும் வண்டிகள்" (நிறுத்திவிட்டேன். பறக்கும் வண்டி வந்துவிட்டால் கதைக்குள் மனிதர்கள் வரமாட்டார்கள்.)

"காலம் என்பது ஒரு" (இதையும். இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.)

"ஒரு பஸ் ஓட்டுநர் அலுவலகத்துக்கு வந்தார்." (இது நடந்தது. இருக்கட்டும்.)

2

ஓட்டுநருக்கு எழுபது வயது, நடுங்கும் விரல்கள் என்று எழுதியிருந்தேன். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு நாப்பத்திரண்டு வயசு. அந்தக் கைதான் தினமும் ஐம்பது பேரை வெச்சு பஸ் ஓட்டுது. நடுங்கினா விடுவாங்களா?" என்றார். சரி, நாற்பத்திரண்டு. அழவும் இல்லையாம். காக்கிச் சட்டை, கையில் ஒரு சான்றிதழ். அவர் கணவர் இறந்து மூன்று மாதம். கல்லறை இடத்தை நிரந்தர உரிமை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

"நிரந்தரம்னீங்க. இதுல முடியற தேதி போட்டிருக்கே?"

அண்ணி வாங்கிப் பார்த்தார். உரிமை முடியும் நாள்: 31-12-9999.

"அது நிரந்தரம்தாங்க. கம்ப்யூட்டருக்கு நிரந்தரம்னா புரியாது, ஒரு தேதி கொடுன்னு அடம்பிடிக்கும். வருஷத்துக்கு நாலு கட்டம்தான் இருக்கு. அதுல அடங்கற பெரிய நம்பரைப் போட்டுடறோம்."

"மறுநாள் என்ன ஆகும்?"

"இன்னும் கிட்டத்தட்ட எட்டாயிரம் வருஷம் இருக்குங்க. அப்போ நாம யாரும் இருக்க மாட்டோம்."

"என் வீட்டுக்காரர் இப்பவே இல்லீங்க" என்றார் ஓட்டுநர். "கடைசி ஸ்டாப்னு போர்டு போட்டிருந்தா, அங்க எல்லாரையும் இறக்கிவிட்டுட்டுத்தான் நான் வண்டியைத் திருப்புவேன். அதான் கேக்கறேன். அவரை இறக்கிவிட்டுடுவீங்களா?"

உள்ளறையிலிருந்து மேலாளர், "பார்க்கலாம்" என்றார். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அலுவலகத்தில் அவர் பெயரே 'பார்க்கலாம் சார்'.

3 (இதைத் தாண்டிப் போனாலும் கதை புரியும்)

ஊரில் விசாரித்தேன். பல கணினிகள் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே போகின்றனவாம். அந்த எண்ணிக்கையைப் போட்டுவைக்கும் பழைய சிறிய பெட்டி 2038இல் நிரம்பிவிடும். இப்போதைய பெரிய பெட்டி நிரம்ப ஏறக்குறைய இருபத்தொன்பதாயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். அதற்கு வெகுகாலம் முன்பே சூரியன் கடையைக் கட்டியிருக்கும். ஆக, கடிகாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது கட்டத்தை நிரப்புகிறவர்களைப் பற்றி*.

* இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, பெரிய தத்துவம் பேசிவிட்டோம் என்று எழுந்து போய்க் காபி குடித்தேன். திரும்பி வந்து படித்தால் அவ்வளவு ஒன்றும் இல்லை.

4

அன்றைக்கு ஓட்டுநருக்கு மதியம்தான் ஷிஃப்ட். ஆள் நகர்வதாக இல்லை. அண்ணி எரிச்சலில், "சரி, கண்ணாலயே பாத்துடுங்க" என்று, பரிசோதனைக்கென்று பதிவுகளின் நகலோடு வைத்திருக்கும் பழைய கணினியில் தேதியை 31-12-9999, இரவு 11:59 என்று மாற்றினார். வெளியே பட்டப்பகல். இரண்டு பேரும் ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். கடிகாரம் எந்தக் கூச்சமும் இல்லாமல் 10000க்குத் தாவியது. திரையில் நிரந்தரப் பிரிவில் இருந்த வரி மாறியது.

உரிமை முடிந்தவை: 11,406.

"பாருங்க, மொத்த பஸ்ஸையும் காலி பண்ணிட்டான்" என்றார் ஓட்டுநர்.

அண்ணி அசடு வழிந்துகொண்டே தேதியை மறுபடி அன்றைய நாளுக்கு மாற்றினார். இப்போது பூஜ்யம் வரவேண்டும்.

உரிமை முடிந்தவை: 19.

அண்ணி இந்த இடத்தில் தண்ணீர் குடித்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

விஷயம் இதுதான். பழைய புரோகிராமில் வருடத்துக்கு இரண்டே கட்டம். நிரந்தரம் என்றால் 99. புதியதற்கு மாற்றியபோது எல்லா 99ஐயும் யாரோ 9999 என்று கையால் அடித்திருக்கிறார்கள். பத்தொன்பது இடங்களில் பழக்க தோஷத்தில் 1999 என்று விழுந்துவிட்டது. கணினியைப் பொறுத்தவரை அந்தப் பத்தொன்பது பேரின் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது.

"முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்றார் ஓட்டுநர்.

அண்ணி எழுந்து தோட்டத்துக் கொட்டகைக்கு ஓடினார். இடத் தட்டுப்பாடு வந்து, உரிமை முடிந்த கல்லறைகளைத் தோண்டி வேறு ஆட்களுக்குக் கொடுக்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. கொட்டகையில் குழி வெட்டுகிறவர் தோண்ட வேண்டியவற்றின் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"நீங்க சொல்ற பத்தொன்பதுல இந்த வாரம் ஏழும்மா. ரெண்டு போன வருஷமே முடிச்சாச்சு."

"கிடைச்சதை என்ன பண்ணீங்க?"

"பெட்டியில போட்டு நம்பர் எழுதி வெச்சிருக்கேன். தூக்கி எறியற ஆள் இல்லம்மா நான்."

5

பதினேழு பேர் தப்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் அண்ணி முடியும் நாளுக்கான கட்டத்தைக் காலியாக விட முடிகிற மாதிரி புரோகிராமை மாற்றினார். யோசனை ஓட்டுநருடையது: "முடியறதே இல்லன்னா எதுக்குங்க தேதி? காலியா விடுங்க." படித்த யாருக்கும் இத்தனை வருடம் இது தோன்றவில்லை.

மீதி இருவர். ஒருவருக்கு உறவென்று யாரும் அகப்படவில்லை. இன்னொருத்தி, ஒரு தச்சரின் தங்கை. தோண்டுவதற்கு முன் அனுப்பிய அறிவிப்புக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. தச்சர் இதே நகரத்தில்தான் வேறு தெருவில் இருந்தார்.

"ரெண்டுதானே? யாரும் வந்து கேக்கலையே" என்றார் மேலாளர். "பார்க்கலாம்."

"நீங்க பாத்துட்டே இருங்க சார். நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் நின்றால், வந்த பஸ்ஸில் அதே காக்கிச் சட்டை.

"எங்க?"

அண்ணி தெருவைச் சொன்னார்.

"நம்ம ரூட்டுதான். ஏறுங்க. சொல்ல வேண்டியதை யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"சரி, மெதுவா ஓட்டறேன்."

6

தச்சர் கதவைத் திறந்தார். முழங்கை வரை மரத்தூள். அண்ணி, "நான் கல்லறைத் தோட்ட ஆபீஸ்ல இருந்து வரேன்" என்றார்.

இதுவரை சொல்லிவிட்டு அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன தம்பி? அது அவர் வீட்டு விஷயம்."

நான் விடுகிற ஆளா? மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தச்சர் கதவை அறைந்து சாத்துகிறார். இன்னொன்றில் உட்காரச் சொல்லி, தங்கையின் படத்தைக் காட்டி (இந்த முடிவில் எல்லோரும் அழகாகப் பேசுகிறார்கள், அதனாலேயே கிழித்தேன்). மூன்றாவதில் பெட்டியின் நம்பரை மட்டும் கேட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி

மூன்றுமே என் கையெழுத்து. அந்த மனிதர் இந்த நகரத்தில் எங்கேயோ இப்போது மரம் இழைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வாயில் என் வார்த்தையைத் திணிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கிறது. அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். 'கம்ப்யூட்டர் தப்பு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.