மூவர் கைவைத்தியம்

யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று தலையாட்டிவிடுவதால் அந்தத் தையல்காரருக்கு 'சரி மாஸ்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. காலையில் துணி கொடுத்துவிட்டு மாலையில் சட்டை வேண்டும் என்றால் சரி. உடம்பு பெருத்தவர் பழைய கால்சட்டையைக் கொண்டுவந்து, விடுவதற்குத் துணியே இல்லாத இடுப்பைப் பெரிதாக்கச் சொன்னாலும் சரி. அந்த வார்த்தையை நம்பிப் போனவர்கள் கோபமாகத் திரும்பி வரும்போது சமாளிப்பது மனைவியின் பொறுப்பு. வீட்டின் முன்னறைதான் கடை. அவர் வெட்டித் தைப்பார். அவள் காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். வாய் பேசுகிற வேலையும் அவளுடையதே.

போன வருஷம் மாஸ்டரின் இதயம் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பித்தது. ரத்தம் உள்ளே கட்டிக்கொள்ளாமல் இருக்க டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து, அது உறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்து மாத்திரையின் அளவைக் கூட்டுவார், குறைப்பார். மனுஷன் தேறிவிட்டார். ஆனால் வீட்டுப் பெண்கள் கண்ட பயம் தேறவில்லை.

முதலில் ஆரம்பித்தது மனைவிதான். ரவிக்கை தைக்க வந்த ஒருத்தி சொன்னாள் என்று மஞ்சள் சத்து அடைத்த குளிகை ஒரு டப்பா வாங்கி வந்தாள். மஞ்சள்தானே, சமையலில் போடுகிற சாமான்தானே, அது என்ன செய்துவிடப் போகிறது என்பது அவள் கணக்கு. நாத்தனார் காதுக்குப் போனால் தன்னைக் கேட்காமல் வாங்கியதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், மூச்சு விடாதீர்கள் என்றாள்.

அந்த நாத்தனார், அதாவது மாஸ்டரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி ஓர் இயற்கை உணவுக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். அண்ணன் என்றால் உயிர். பூண்டு எண்ணெய்க் குளிகையை மடியில் முடிந்து கொண்டுவந்து, அண்ணி பின்கட்டுக்குப் போன சமயம் பார்த்துக் கையில் திணித்தாள். அண்ணிக்குத் தெரிந்தால் தன் சமையலில் சத்து போதவில்லை என்று நாத்தனார் குத்திக்காட்டுவதாக நினைப்பாள், வேண்டாம் வம்பு என்றாள்.

மூன்றாவது ஆள் மருமகள். அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காருகிற பெண். எதையும் தேடிப் படித்துவிட்டுத்தான் செய்வாள். இதயத்துக்கு நல்லது என்று படித்து மீன் எண்ணெய்க் குளிகை வாங்கினாள். மீன் வாடை என்றாலே அத்தைக்குக் குமட்டும், அதனால் இது நமக்குள்ளேயே இருக்கட்டும் மாமா என்றாள்.

மூன்று பேருக்கும் மாஸ்டர் சொன்ன பதில் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு அந்தக் குளிகைகளில் பெரிய நம்பிக்கை இருந்ததாகவும் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர்க் குவளையை நீட்டிவிட்டு, அது தொண்டைக்குள் இறங்குகிற வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. காலையில் மனைவி கை, மத்தியானம் தங்கை கை, சாயங்காலம் மருமகள் கை. கொடுத்து வைத்தவன் நான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பூரிப்புகூட இருந்தது.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் உறைய வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் தங்கை. மாஸ்டர் இல்லை என்றார். பெண்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. மஞ்சளும் பூண்டும் மருந்தா என்ன, சொல்வதற்கு?

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, வெள்ளைச் சட்டை ஒன்றுக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தபோது ஊசி விரலில் ஏறியது. ஊசி குத்துவது தையல்காரனுக்குக் கொசுக்கடி மாதிரி. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு வேலையைப் பார்த்தார். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் கழுத்துப் பட்டி முழுக்கச் சிவப்பு. துணியைச் சுற்றினார், அதுவும் நனைந்தது. குனிந்தவருக்கு மூக்கிலிருந்தும் ரத்தம் வர ஆரம்பித்தது. மனைவி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தி, சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று படுக்க வைத்தார்கள். தங்கை கடையிலிருந்தும் மருமகள் அலுவலகத்திலிருந்தும் ஓடிவந்தார்கள். டாக்டரம்மா கட்டிலருகே நின்று பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார்.

முதலில் உடைந்தது மனைவி. "நான்தான் டாக்டர். தினம் மஞ்சள் மாத்திரை கொடுத்தேன்."

"இல்ல டாக்டர், அண்ணிமேல தப்பில்ல," என்றாள் தங்கை. "நான் பூண்டு கொடுத்தேன்."

மருமகளும் மெல்ல மீன் எண்ணெயைச் சொன்னாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அக்கறைக்குப் போட்டி போட்டவர்கள் இப்போது பழிக்குப் போட்டி போட்டார்கள். என்னால்தான், என்னால்தான் என்று அழுகை வேறு. மாஸ்டர் மூக்கில் பஞ்சோடு கையை உயர்த்தி, தப்பு மூவருடையதும் இல்லை, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த தன்னுடையது என்றார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இந்த மூன்றுமே ரத்தத்தை இளக்கக்கூடும், தன் மாத்திரையோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம் என்றார். சமையலில் ஒரு சிட்டிகை போடுவது வேறு, சத்தை வடித்துக் குளிகையில் அடைப்பது வேறு என்று விளக்கினார். உணவில் கிடைக்காத சத்தை இப்படி ஈடுகட்டிக்கொள்வது தப்பில்லை, ஆனால் யாருக்கு எது குறைகிறது என்று தெரிய வேண்டும்.

"இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நினைக்கிறீங்க. ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்குச் சாப்பிடணும்? ஏதாவது பண்ணும்னா என்கிட்ட சொல்லணுமில்ல?"

மூன்று டப்பாக்களையும் நிறுத்திவிட்டு, சமையலை வழக்கம்போலவே தொடரச் சொன்னார்.

சரி, போகலாம் என்று மனைவி எழுந்தவள் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து சாப்பிடாத மயக்கம் என்றாள். டாக்டரம்மா விடவில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளிறிக் கிடந்தது. அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது.

எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தில் மிஞ்சியதைத்தான். அதுவும் ஆறிப்போனதால் இறங்காது. கூடவே ஒரு டம்ளர் டீயை ஊற்றித் தள்ளிவிடுவாள். உள்ளே போகிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாமல் தடுப்பதே அந்த டீதான் என்றார் டாக்டரம்மா.

அத்தனை கைகளும் மாஸ்டரை நோக்கியே நீண்டிருந்தன. காஜா எடுக்கிற அந்தக் கை வெளுத்துக்கொண்டே வந்ததை, தினமும் எதிரே உட்கார்ந்தும் அவர் பார்க்கவில்லை.

அப்புறம் வீட்டில் காற்று திசை மாறியது. தங்கை பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள், வாசல் வழியாகவே, எல்லாரும் பார்க்க. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாகச் சேரும் என்று மருமகள் படித்தாள். படித்ததோடு நிற்காமல் டாக்டரம்மாவையும் கேட்டுவிட்டு வந்து பிழிந்து கொடுத்தாள். டீ டம்ளரைக் காவல் காப்பது மாஸ்டரின் வேலை. சாப்பிட்டு முடித்து வெகுநேரம் ஆகாமல் அது அவள் கைக்குப் போகாது. நான் என்ன கைக்குழந்தையா என்று அவள் சிடுசிடுத்தாள். கைக்குழந்தை சொன்னால் கேட்கும் என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்திருந்தாள். எல்லாருக்கும் தட்டு வைத்துவிட்டு மனைவி வழக்கம்போல் கரண்டியோடு நின்றாள். யாரும் கை வைக்கவில்லை.

"உக்காருங்க அண்ணி. நீங்க உக்கார்ற வரைக்கும் ஒருத்தரும் சாப்பிடப்போறதில்ல."

கூச்சத்தோடு உட்கார்ந்தாள். மாஸ்டர் சோற்றையும் காய்கறியையும் ஆவி பறக்க அவள் தட்டில் போட்டார். ஒரு வாய் வைத்தாள். நிதானமாக மென்றாள். இன்னொரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சூடா சாப்பிட்டா என் சமையல் இவ்வளவு நல்லாவா இருக்கு?"

சிரிக்கத்தான் தோன்றியது எல்லாருக்கும். மாஸ்டருக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. இன்னொரு கரண்டி எடுத்து அவள் தட்டில் வைத்தார்.