நெல்லியாற்றில் உட்கார்ந்திருந்தவன்

நெல்லியாற்றின் குறுக்கே அணை கட்டலாமா என்று கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு ஆற்றையும் அழைத்திருந்தார்கள். முழுதாக வர வேண்டாம், மண்டபத்தில் இடம் போதாது, அவரவர் தமக்குப் பழக்கமான பகுதியை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உலகம்மாள் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு ஆற்றுக்குப் போனாள். படித்துறையை ஒட்டிய தண்ணீரை ஓரத்தில் கிள்ளிப் பார்த்தாள். தளர்வாகத்தான் இருந்தது. பெரிய கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் நேராக வெட்டி, பாயைப் போலச் சுருட்டி, பாவாடை நாடாவால் கட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குளித்த தண்ணீர் அது. தோளில் வைத்தபோது தெரிந்த கனமாகவே இருந்தது. வழியெல்லாம் கொஞ்சம் சொட்டியது.

கூட்டம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் நின்றவர் பன்னீர் தெளித்தார்.

"உள்ள உயிரு எதுவும் இருக்காம்மா?"

"கொஞ்சம் கெண்டை இருக்கு."

"அப்ப அதுகளுக்கும் சேத்துச் சந்தனம் எடுத்துக்கிடுங்க."

மேடையில் மணமக்களுக்கான நாற்காலிகளில் ஒன்றில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். இன்னொன்று அணைக்காகக் காலியாக இருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். அணை வேண்டும் என்றவர்கள் மாப்பிள்ளை வீட்டார் பக்கம். வேண்டாம் என்றவர்கள் பெண் வீட்டார் பக்கம். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் மண்டபம் கொஞ்சம் நீண்டது. அடுத்தவர் மைக்குக்குக் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது.

மைக்கில் நின்றவன் அவளுடைய தம்பி முப்பிடாதி. இருவரும் பிறந்த வேலங்குறிச்சியிலேயே இருந்துகொண்டு, மழையை நம்பி மிளகாய் போடுகிறவன். அணை வந்தால் அந்த ஊருக்குக் கால்வாய் வரும்; உலகம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர் தண்ணீருக்குள் போகும். அணைப் பேச்சு தொடங்கியதிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு மெலிந்திருப்பான் என்று தெரியாது.

"எங்க ஊரு தாகத்தக் கொண்டாந்துருக்கேன்" என்று சொல்லி, ஒரு பித்தளைக் குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான்.

குடத்துக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோருடைய நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்காலியில் கிடந்த மாலை கருகியது. அதிகாரியின் நெற்றிச் சந்தனம் வெடித்து உதிர்ந்தது.

"போதும், மூடுங்க" என்றார் அதிகாரி. "ஆத்துத் தரப்புல யாரு?"

உலகம்மாள் போனாள். போய்ச் சேர வெகுநேரம் ஆனது. நாடாவை அவிழ்த்து ஆற்றை விரித்தாள்.

மேடை முழுக்கத் தண்ணீர் பரவியது. அதன் நடுவில் ஒரு சிறுவன் புதுச் சட்டையோடு கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தான்.

அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளுடைய கல்யாணத்தன்று காலையில், வேலங்குறிச்சியிலிருந்து பெண் வீட்டார் ஏறி வந்த லாரி ஆற்றங்கரையில் நின்றது. அதுவரை ஒரு குடத்தில் அடங்குகிற தண்ணீரை மட்டுமே பார்த்திருந்த முப்பிடாதி, குதித்து இறங்கிப் போய் ஆற்றுக்குள் உட்கார்ந்தான். மிரட்டினார்கள். லட்டைக் காட்டினார்கள். வரவில்லை. மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டிய மச்சினன் அவன். கடைசியில் மாப்பிள்ளையைத்தான் ஆற்றுக்குக் கூட்டிப் போனார்கள். "ஒந்தம்பி தண்ணிக்குள்ள இருந்துதானட்டி எனக்கு மால போட்டான்" என்று அவள் புருஷன் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார். அதைச் சொல்ல இப்போது அவர் இல்லை.

அன்று சாயங்காலம் லாரியில் ஒருவன் ஏறிப் போனான். ஒருவன் இங்கேயே இருந்துவிட்டான் போலிருக்கிறது.

"தண்ணிக்குள்ள இருக்கிறவர் ஆதரவா, எதிர்ப்பா?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்னும் செத்த நேரம்" என்றான் சிறுவன்.

"அது கருத்து இல்ல. ஆள் இருக்கிற இடத்துல அணை கட்ட முடியாது. அவரா எழுந்து வந்தா உண்டு."

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். அவன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரின் ஓரம்வரை வந்தான்.

"யக்கா, இவன் இங்கனயா இருந்தான்?"

"நானும் இப்பத்தாம்ல பாக்கேன்."

"நெனச்சேன். லாரில ஏறுனதுலேருந்தே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

எந்திரிக்காதல என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். சிறுவன் கேட்பான். ஆறு பிழைத்துவிடும். வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் நாக்கில் இன்னும் அந்தக் குடத்தின் தாகம் இருந்தது. அது அவளுக்குப் புதிதில்லை. கல்யாணம்வரை அதைக் குடித்துத்தான் வளர்ந்திருந்தாள். ஒதுங்கித் தம்பிக்கு வழிவிட்டாள்.

முப்பிடாதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சிறுவனின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏல, குளுருதா?"

"இல்ல."

"எந்திரி. ஊருக்குப் போவோம்."

"அங்க தண்ணி கெடையாதே."

"வரும்னு சொல்லுதாவ. நீ எந்திரிச்சா வரும்."

சிறுவன் யோசித்தான். பிறகு உலகம்மாளைப் பார்த்தான்.

"அப்ப ஒனக்குக்கா?"

அந்தக் கூட்டத்தில் அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

"எனக்கென்னல" என்றாள். "நான் நெறையக் குளிச்சாச்சு."

சிறுவன் எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீர் சற்று நேரம் கூடாமல் பள்ளமாகவே நின்றது. அதிகாரி நன்றி சொன்னார். காலி நாற்காலியில் அணை வந்து உட்கார்ந்தது. மண்டபம் இருட்டாகிவிட்டதால் விளக்குப் போட்டார்கள். இரண்டு வீட்டாரும் பந்திக்குப் போனார்கள். பாயசம் நன்றாக இருந்தது.

உலகம்மாள் முந்தானையால் சிறுவனுக்குத் தலை துவட்டினாள். முப்பிடாதியும் நனைந்திருந்ததால் அவனுடைய வழுக்கையையும் துவட்டிவிட்டாள். மூன்று பேரும் வேலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்கள். இரண்டு தம்பிகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

"அத்தான எங்கக்கா?" என்றான் சின்னவன்.

"போயிட்டாருல."

"நான் மால போட்டேம்லா."

"போட்ட. நல்லாத்தான் போட்ட."

பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவள் அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தார். "ஒங்க ஊரு ஸ்டாப்பு இப்பத் தண்ணிக்குள்ள இருக்கும்மா. அது வழியாத்தான் வேலங்குறிச்சி போகணும். எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிடுங்க."

பயணிகள் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி மூடினார்கள். உலகம்மாள் ஒரு கையால் ஒரு தம்பியின் மூக்கையும், மறு கையால் இன்னொரு தம்பியின் மூக்கையும் பிடித்தாள். தன் மூக்குக்குக் கை மிச்சமில்லை. பழகிய தண்ணீர்தானே என்று நினைத்துக்கொண்டாள். பஸ் மெதுவாக இறங்கியது.