ஆடித் தள்ளுபடியில் எரிவாயு

என் மகள் அனுப்ரியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் வேலையைப் பற்றி மூச்சு விடாதே என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எந்த நாடு எவ்வளவு எரிவாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது என்று அறிக்கை எழுதுகிற வேலை. அதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது? அவளோ, வேலையை விடச் சொல்கிற வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஏற்கெனவே இரண்டு வரன் இப்படித்தான் கைநழுவிப் போனது.

மாப்பிள்ளையின் அப்பா ஜவஹருக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. அசோக் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததுமே, பொண்ணு என்ன வேலை பார்க்குது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றேன். பாவி மகள் சும்மா இருந்தாளா? தெற்காசியாவையே இழுத்து வைத்துக்கொண்டாள். இந்தியா, விலை இறங்கினால் அள்ளும், ஏறினால் ஒதுங்கிவிடும். பாகிஸ்தான் தேவைக்கு மேல் ஒப்பந்தம் போட்டுவிட்டு, கப்பலை அப்புறம் அனுப்புங்கள் என்கிறது. வங்கதேசத்தில் சொந்த எரிவாயுக் கிணறு வற்ற வற்ற, வாங்கியே தீரவேண்டிய நிலை. போச்சு, இந்த வரனும் போச்சு என்று நான் அடுப்படிக்கே போய்விட்டேன்.

திரும்பி வந்தால் ஜவஹர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"ஏம்மா, இது நம்ம கடைவீதில்லா? இந்தியா, ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குற ஆளு. பாகிஸ்தான், தீபாவளிக்குச் சரக்கை அளவுக்கு மேல எடுத்துட்டு முழிக்கிற கடைக்காரன். வங்கதேசம், நாளைக்குக் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இன்னைக்குப் புடவை எடுக்க வர்றவன்."

அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், காப்பி ஆறி ஆடை கட்டியது. மாப்பிள்ளை பாலகணேஷ் என்று ஒருத்தன் வந்திருப்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. கடைசியில் ஜவஹர் தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஆபீஸ் எதற்கு, கல்யாணம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு நம் கடைக் கொள்முதலைப் பார்க்கட்டும்.

அனுவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷன் கையிலிருந்த கேசரித் தட்டைப் பிடுங்கியிருப்பேன்.

அப்போதுதான் பாலகணேஷ் வாயைத் திறந்தான்.

"வேண்டாம்ப்பா, அவங்க அங்கயே இருக்கட்டும்" என்றான். பிறகு அனு பக்கம் திரும்பி, "உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்குறாங்களா? இந்தக் கடைய விட்டு வெளிய வர நானும் ரொம்ப நாளா வழி தேடுறேன்" என்றான்.

ஜவஹருக்குப் புரையேறிவிட்டது. அனு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க, மாமா" என்றாள்.