சைக்கிள் ட்யூபில் ஓடிய ஆல்பம்

1

இந்தக் கதை ஒரு சைக்கிள் ட்யூபிலிருந்து பிறந்தது. இசையிலிருந்து பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. முதல் வரைவைப் படித்த மனைவி, "பொய்யில ஆரம்பிக்காதீங்க, முடிக்கும்போது முழிப்பீங்க" என்றாள். கதாநாயகன் அவளுடைய அண்ணன் என்பதால் கேட்டுக்கொண்டேன்.

மச்சான் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். பழைய சாமான் கடையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். இனாமாக ஓர் இசைத்தட்டும் வந்தது. வெளிவந்தபோது யாரும் சீண்டாத ராக் ஆல்பம். லாரி, புழுதிச் சாலை, விட்டுப்போன மனைவி என்று அமெரிக்க நாட்டுப்புறக் கன்ட்ரி இசையின் வாடை தூக்கல். பிளேயரில் தட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டை இல்லை. மச்சான் சைக்கிள் ட்யூபை மெல்லிசாக நறுக்கி மாட்டினார், ஓடியது. இன்றுவரை அவரிடம் இருப்பது அந்த ஒரு தட்டுதான்.

2

இங்கே ஆல்பத்தின் அருமையைச் சொல்ல வேண்டும். அந்தக் கிதாரின் நீண்ட விம்மலில் நவீன மனிதனின் ஆதித் தனிமையானது—

[வேண்டாம். எதிர்க்கடை மருந்துக்காரர் சொன்னதே போதும்: "இந்த ஆளு பாடினா, யாரும் நம்மள வெரட்டலன்னு தோணுது."]

மருந்துக்காரர் தாடி முளைக்காத நாளிலும் சவரத்துக்கு வருவார். இன்னொருவர் வழுக்கை எஞ்சினியர். வெட்ட ஒன்றுமில்லை, வந்து உட்கார்ந்திருப்பார். கனத்த குரலில் ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைக்கும் அந்தப் பாடகனுக்கு ஊரில் இருந்த ரசிகர் மன்றம் இவர்களும் மச்சானும் நானும்தான்.

3

பாடகரைப் பார்க்காமல் மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அட்டையிலிருந்த பெயரை வைத்து விசாரித்தார். பாட்டை எப்போதோ தலைமுழுகிவிட்டு அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம். பாட்டுப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாராம். அதனால் மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். கல்யாணத்தன்று எங்களை வைத்துக் கார் ஓட்டிவந்ததே மச்சான்தான்.* கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்போல் வாரக்கணக்கில் திட்டு வாங்கினார். பழகிய பிறகு, "சார், ஒரு நாள் கடைக்கு வாங்க, நானே முடி வெட்டிவிடறேன்" என்று கொக்கி போட்டார். வந்ததும் தட்டைப் போட்டு அசத்திவிடுவது திட்டம்.

(* மனைவியின் குறிப்பு: அன்றைக்கும் அவன் நன்றாக ஓட்டவில்லை.)

4

பாடகரிடம் கையெழுத்து வாங்க, நான் அதே ஆல்பத்தின் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்தேன். வீட்டில் போட்டுக் கேட்டேன். பாடகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போல் கீச்சுக்குரலில் பாடினார். என் பிளேயரைச் சந்தேகப்பட்டேன். அது சரியாகத்தான் ஓடியது. தவறு சைக்கிள் ட்யூபில். அது தட்டை மெதுவாகச் சுழற்றி, குரலையும் கனக்கவைத்திருந்தது. நாங்கள் உருகி உருகிக் கேட்ட நிதானம் முழுக்க அந்தத் தொளதொள பட்டையின் கைங்கரியம்.

சரியான வேகத்தில் அது சுமாரான ஆல்பம். சுமார் என்பதும் மரியாதைக்காக.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் மனைவி. "அவனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

ஆல்பத்தின் பெயரை உங்களுக்கும் சொல்லாததன் காரணம் இதுவே. தேடிப்போய்ச் சரியான வேகத்தில் கேட்டுத் தொலைப்பீர்கள்.

5

பாடகர் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அது இல்லாவிட்டால் அவருக்கு எல்லாமே மங்கல். மருந்துக்காரரும் எஞ்சினியரும் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்தார்கள். மச்சான் தட்டில் முள்ளை இறக்கினார்.

பாடகர் விறைத்துப்போனார். எழுந்து போகவில்லை. முதல் பாட்டு முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"இது என் பாட்டு. யாரோ திருப்பிப் பாடியிருக்காங்க."

பாடகரே தொடர்ந்தார்:

"நான் பாடினப்போ பயம். ஜனங்க எழுந்து போறதுக்குள்ள முடிச்சிடணும்னு அவசரமா பாடுவேன். இவன் பயப்படல." கண் கலங்கியிருந்தது. "என் பாட்டு நல்ல பாட்டுதான் போலிருக்கு."

எனக்கும் அழுகை வந்தது. மச்சான் மட்டும் கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தார். பிறகு, பாடகர் தன்னடக்கமாக விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தார்.

"யாரு இவன்? அட்டையக் காட்டுங்க" என்று பாடகர் என் பக்கம் கையை நீட்டினார். "என் கண்ணாடியக் குடுங்க."

6

முடிவு அ: கொடுத்துவிட்டேன். அட்டையில் அவர் தன் இளவயது மீசையையே பார்க்கிறார். இல்லை, இது நான் பாடியதல்ல என்கிறார். அடுத்து நான் சைக்கிள் ட்யூபைக் காட்டியாக வேண்டும். தான் பாடியதே இதுதான் என்று அவர் சந்தோஷப்படலாம், ட்யூப்தான் பாடியது என்று நொறுங்கலாம். மச்சான் நொறுங்குவது நிச்சயம். அந்த முகத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

முடிவு ஆ: கண்ணாடியைக் கைதவறிப் போட்டு உடைத்தேன். பாடகர், தன் பாட்டை எவனோ ஒருவன் நேசித்தான் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறார். (மனைவி: "அவருக்கு மறுபடி முடி வளருமே?")

முடிவு இ: மின்வெட்டு. எழுதும்போதே கூசியது, அடித்துவிட்டேன்.

பாடகரின் கை இன்னும் நீண்டிருக்கிறது. மச்சானின் வாய் பாதி திறந்திருக்கிறது. தட்டில் இரண்டாம் பாட்டு தொடங்கிவிட்டது.

கண்ணாடி இதோ, நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பதோ ஒளிப்பதோ இனி உங்கள் பாடு. சீக்கிரம் முடிவெடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடையில் யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.