ஒற்றை நாற்காலிக்கு ஒரு பில்

பாசர்ஜிக் வணிகப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஆளுக்கு ஒரு உத்தியோகம் நிச்சயம். சம்பளம் கிடையாது, சரக்கு கிடையாது, பாங்கில் இருக்கும் லெவாப் பணமும் காகிதத்தில் எழுதிய பணம்தான். ஆனால் மேனேஜர் உண்டு, கணக்கர் உண்டு, ரப்பர் சீல் உண்டு, அந்தச் சீல் யார் மேஜையில் இருப்பது என்ற சண்டையும் உண்டு. பயிற்சிக் கம்பெனி என்று அதற்குப் பெயர். நிர்வாகமும் மார்க்கெட்டிங்கும் படித்தால் ஏறாது, நடத்திப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்று மேலே யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். சரக்கும் பொய், பணமும் பொய். அடுத்த கம்பெனிக்காரனைப் பார்த்தால் வயிறு எரிவது மட்டும் முதல் நாளிலிருந்தே அசல்.

யாவோருக்கு அது செப்டம்பரிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் மோம்சில் அவனுக்குக் கீழே விளம்பரம் பார்த்தவன். யாவோர் சொன்னால் போஸ்டர் ஒட்டுவான், வேண்டாமென்றால் கிழிப்பான். பதினோராம் வகுப்பு தொடங்கிய வாரமே, "நான் தனியா ஒண்ணு ஆரம்பிக்கிறேன்டா" என்று சொல்லிவிட்டு, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டான். யாவோரின் கம்பெனி 'மேகப் பாதை', ரோடோபி மலைக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போகும் சுற்றுலாக் கம்பெனி. மோம்சில் ஆரம்பித்தது நாற்காலிக் கம்பெனி. அதற்கு 'நான்கு கால்' என்று பேர் வைத்தான். பேரைக் கேட்டு வகுப்பே சிரித்தது. யாவோரும் சிரித்தான். வீட்டுக்குப் போன பிறகுதான், தன் கம்பெனி பேரைக் கேட்டு ஒருவர்கூடச் சிரித்ததில்லையே என்று உறைத்தது.

ஏப்ரலில் ப்ளோவ்டிவில் பயிற்சிக் கம்பெனிகளின் சந்தை. நாடு முழுவதிலுமிருந்து பள்ளிகள் வரும், ஒரு விளையாட்டரங்கம் முழுக்க ஸ்டால் போடுவார்கள், ஒருவர் சரக்கை ஒருவர் வாங்கிக்கொள்வார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் பஸ்கலேவா டீச்சர் ஒரு சேதி சொன்னார்.

"அடுத்த வருஷம் நமக்கு ஒரே ரூம்தான். அதனால ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகும். சந்தையில யாருக்கு மார்க் அதிகமோ அவன் மேனேஜர். இன்னொருத்தன் அவனுக்குக் கீழே. இதுல பேச்சே கிடையாது."

யாவோர் அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தான். மோம்சிலுக்குக் கீழே. 'மோம்சில், இந்தப் போஸ்டரை ஒட்டட்டுமா' என்று தான் கேட்டு நிற்பதை நினைத்துப் பார்த்தான். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை அப்படியே தட்டோடு தள்ளிவிட்டான்.

பஸ் கிளம்பும்போது மோம்சில் தன் மாமாவின் ஓட்டலிலிருந்து எட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து சாமான் அறையில் ஏற்றினான்.

"எதுக்குடா நிஜ நாற்காலி? இங்க எல்லாமே காகிதம்தானே. நாற்காலி மியூசியமா வைக்கப்போற?" என்றான் யாவோர்.

"சும்மா கிடக்கட்டும்டா. உன் போஸ்டர் மேல விழாமப் பாத்துக்கறேன்."

யாவோரின் போஸ்டர்கள் பளபளவென்று இருந்தன. மலை, மேகம், மேகத்தின் மேல் நின்று சிரிக்கும் ஒரு குடும்பம். அவன் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டை. கணக்கர் கலினா மட்டும் டை கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான். யாவோருக்கு அவளிடம் உள்ள மரியாதையில் பாதி, தன்னை அவள் மதிப்பதில்லை என்பதால் வந்தது.

காலை பத்து மணிக்குள் அரங்கம் நிரம்பிவிட்டது. வாங்க வருகிறவர்களும் மாணவர்கள், விற்கிறவர்களும் மாணவர்கள். எல்லாரும் புது ஷூ போட்டுக்கொண்டு, விடியற்காலை பஸ்ஸில் வந்து, கல்தரையில் நிற்கிறார்கள். உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. வாசலில் எள் ரொட்டி விற்கிறவள் மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், அவளும் அதை யாருக்கும் தருவதாயில்லை.

மோம்சில் எட்டு நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டான். மேலே ஒரு அட்டை: 'உட்காருங்கள். வாங்க வேண்டாம்.'

பதினோரு மணிக்கு அங்கே வரிசை நின்றது. உட்கார்ந்தவன் எழுந்திருக்க மனமில்லாமல், கூச்சத்துக்கு ஒரு ஆர்டர் எழுதிக்கொடுத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தான். வர்னாவிலிருந்து வந்த ஒரு பெண் ஷூவைக் கழற்றிவிட்டு, "இந்தக் கம்பெனி நல்லாயிருக்கணும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மோம்சில் பேசவேயில்லை. எதிரே நின்ற யாவோர் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தான். மேகம், மலை, சலுகை விலை, முன்பதிவுக்குத் தொப்பி இலவசம். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள், துண்டுப் பிரசுரத்தை வாங்கினார்கள், போய் நாற்காலியில் உட்கார்ந்து அதை வைத்து விசிறிக்கொண்டார்கள்.

"நடந்து நடந்து கால் வலிக்கிறவன்கிட்ட, வா மலை ஏறலாம்னு சொல்றோம். அவன் உக்காருன்னு சொல்றான். இதுல தேவை எது, சரக்கு எதுன்னு டீச்சர் பரீட்சையில கேட்டா நான் இப்பவே எழுதிருவேன்" என்றாள் கலினா.

"நீ கணக்கை மட்டும் பாரு."

"கணக்கு இருந்தாத்தானே பாக்க."

அப்போது பஸ்கலேவா டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார். 'நான்கு கால்' ஸ்டாலில் ஒரு நாற்காலி காலியானது. டீச்சர் அதில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மோம்சிலைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வருஷத்தில் யாவோர் அந்தச் சிரிப்பை ஒரே ஒரு தடவைதான் வாங்கியிருக்கிறான். அதுவும் அவன் கதவைத் திறந்துவிட்டதற்கு. அவனுக்குக் காது மடல் சுட்டது. தான் ஜெயிக்காவிட்டால் பரவாயில்லை, மோம்சில் விழுந்தால் போதும் என்ற இடத்துக்கு மனசு வந்து சேர்ந்தது அந்த நிமிஷம்தான்.

சந்தையில் ஒரு சட்டம் உண்டு. வாங்கிய ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் நாலு மணிக்குள் தனியாகப் பில் போட்டு, சீல் குத்தி, சந்தையின் பாங்கில் சேர்த்துவிட வேண்டும். பில் போடாமல் விட்ட ஆர்டருக்கு மார்க் குறைப்பார்கள். பெரிய ஆர்டரோ சின்ன ஆர்டரோ, காகிதம் ஒன்றுதான், குறைப்பும் ஒன்றுதான். மோம்சிலிடம் இருப்பது அவனையும் சேர்த்து நாலு பேர், ஒரு சீல். அதிலும் ஒருத்தன் வரிசையைப் பார்த்துக்கொள்ளவே சரியாக இருந்தது.

யாவோரின் அப்பா ஊர்ச் சந்தையில் காலுறை விற்கிறவர். பக்கத்துக் கடைக்காரனைக் கவிழ்ப்பதற்கு விலையைக் குறைப்பதைவிடச் சுலபமான வழிகள் உண்டு என்பது அந்த வீட்டில் பால்குடி மறக்குமுன்பே தெரிந்துவிடும். யாவோர் ஸ்டால் ஸ்டாலாகப் போனான். பதினோரு கம்பெனிகள் அவனிடம் ஒப்பந்தம் பேசி வைத்திருந்தன: நீ என்னிடம் வாங்கு, நான் உன்னிடம் வாங்குகிறேன் என்று. எல்லாச் சந்தையிலும் நடக்கிற பண்டமாற்றுதான் அது.

"எங்கிட்ட மலைப் பயணம் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு 'நான்கு கால்'ல நாற்காலி வாங்கு. ஒரே ஆர்டராப் போடாதே. ஒரு நாற்காலிக்கு ஒரு ஆர்டர், தனித்தனியா."

"உனக்கு இதுல என்னடா லாபம்?" என்றான் ஸ்லிவெனில் தேன் கம்பெனி வைத்திருந்தவன்.

"பழைய சிநேகிதன். தூக்கி விடணும்ல."

தேன்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நல்ல மனசுடா உனக்கு" என்றான், நம்பாமல்.

போதாததற்கு யாவோர் தன் கம்பெனிப் பணத்தையும் எடுத்தான். பாங்கில் இருந்ததையெல்லாம் நாற்காலியாக்கினான். ஒரு நாற்காலி, ஒரு காகிதம். இன்னொரு நாற்காலி, இன்னொரு காகிதம். மணி மூன்றைத் தாண்டும்போது மோம்சிலின் மேஜையில் காகிதம் குவிந்து, சீலே கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிட்டது. மோம்சில் முதல் தடவையாக முகத்தைத் துடைத்தான். அந்தத் துடைப்பைப் பார்த்ததில் யாவோருக்கு வந்த சந்தோஷம், பகல் முழுக்க விற்றிருந்தாலும் வந்திருக்காது.

அது பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. மோம்சில் எழுந்து நின்று அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் ஸ்டாலில்தான் கூட்டம், அதனால் மற்ற ஸ்டால்களில் கணக்கர்கள் கை கட்டிக்கொண்டு நின்றார்கள். வேலையில்லை, உட்கார இடமுமில்லை. அவன் நாற்காலியில் இருந்தவர்களை எழுப்பி நன்றி சொல்லி அனுப்பினான். பிறகு சத்தமாகச் சொன்னான்:

"பில் எழுதத் தெரிஞ்சவங்க யாராவது வாங்க. நாலு மணி வரைக்கும் நாற்காலி உங்களுக்கு."

எட்டு கணக்கர்கள் ஓடிவந்தார்கள். நாலு பேர் பில் எழுத, இரண்டு பேர் சரிபார்க்க, ஒருத்தன் வரிசை எண் போட, ஒருத்தி சீல் குத்த. நிர்வாகப் பாடத்தில் வேலைப் பிரிவினை என்று எட்டுப் பக்கம் வரும். யாவோர் அதை மனப்பாடமாகச் சொல்லுவான்.

சீல் குத்துகிறவளை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தான். கலினா.

"நீ அங்க என்னடி பண்ற?" என்று ஓடினான்.

"நம்ம கம்பெனியில பில் இருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்? கால் வலிக்குதுடா." சீலை ஓங்கிக் குத்தினாள். "அதுசரி, இதுல பாதி நம்ம ஆர்டர். ஒத்தை ஒத்தை நாற்காலியா எதுக்குடா வாங்கின?"

அவன் வாய் திறப்பதற்குள், பின்னாலிருந்து வேறு குரல் கேட்டது. "அதைத்தான் நானும் கேக்க வந்தேன்."

நடுவர் குழுவின் தலைவி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த பெரிய அம்மாள், கையில் ஒரு கட்டு ஆர்டர்.

"மலைக்குக் கூட்டிப்போற கம்பெனி, ஒவ்வொண்ணா இத்தனை நாற்காலி வாங்கியிருக்கு. இது விளையாட்டுக்குப் போட்டதுன்னா சொல்லிடு தம்பி. வாங்கினது எல்லாம் தள்ளுபடி. உன் கூட்டாளிங்க போட்டதையும் சேத்து. உனக்குக் கொஞ்சம் மார்க் போகும், விக்கிறவனுக்கு ரொம்பப் போகும். நிஜமாவே வேணும்னு வாங்கியிருந்தா எதுக்குன்னு சொல்லு."

யாவோர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால் மோம்சில் சரிந்து கீழே வருவான். மேனேஜர் பதவி கைக்கு வரும். ஒரே ஒரு வார்த்தை போதும்: விளையாட்டுக்கு.

கலினா சீலை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோம்சில் பார்க்கவில்லை. குனிந்து பில் எழுதிக்கொண்டிருந்தான், பேனா மட்டும் நகரவில்லை.

நஷ்டம் எவ்வளவு வந்தாலும் யாவோர் தாங்குவான். தனக்கு வயிறு எரிந்தது என்பது கலினாவுக்குத் தெரிவதைத் தாங்கமாட்டான்.

"விளையாட்டு இல்ல மேடம்" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "எங்க ஆளுங்க நாலு மணி நேரம் மலை ஏறுவாங்க. உச்சிக்குப் போனா என்ன இருக்கு? காத்து. கல்லு. நாங்க என்ன வைக்கப்போறோம்னா, ஒரு நாற்காலி. ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு உச்சியிலயும். கூட்டமா வந்தாலும் ஒருத்தர்தான் உக்கார முடியும், மத்தவங்க காத்திருக்கணும். கீழ பள்ளத்தாக்கு முழுக்க அவங்க காலடியில. வீட்டுக்குப் போனதும் அதைத்தான் சொல்லுவாங்க. நாற்காலிக்கு நம்பர் உண்டு, அந்த நம்பருக்குத் தனிச் சீட்டு விப்போம். அதனாலதான் தனித்தனிப் பில்."

எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. காலையிலிருந்து மேகம் மலை என்று கத்தியபோது வராதது, பொய் சொல்லும்போது வந்து விழுந்தது. பில் எழுதிய கணக்கர்கள் எழுதுவதை நிறுத்திக் கேட்டார்கள். தேன்காரன் தூரத்தில் நின்று, "எனக்கு ஒரு சீட்டு போடு" என்றான். நடுவரம்மாள் கண்ணாடியை இறக்கி அவனை நன்றாகப் பார்த்துவிட்டு, ஆர்டர் கட்டைக் கலினாவிடம் கொடுத்தார்.

"சீல் குத்தும்மா."

கலினா குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் யாவோரின் பதவி ஒரு அடி தள்ளிப் போனது.

'நான்கு கால்' அரங்கத்திலேயே அதிகம் விற்ற கம்பெனி. 'மேகப் பாதை'யின் பாங்குக் கணக்கில் ஒன்றுமில்லை. நாற்காலிதான் ஏராளம்.

திரும்பும் பஸ்ஸில் மோம்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் சூரியகாந்தி விதை கொறித்தார்கள்.

"பன்னெண்டு கம்பெனி ஒரே மாதிரி ஒத்தை நாற்காலி கேட்டா எனக்குத் தெரியாதாடா?" என்றான் மோம்சில்.

யாவோர் விதைத் தோலைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான்.

"அதை விடு. அந்த மலை உச்சிக் கதை. அதுமாதிரி எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் பேச வராது. நான் நாற்காலியைப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நின்னேன், பேசினா கெட்டுடும்னுதான். அடுத்த வருஷம் மார்க்கெட்டிங் நீ பாரு."

"உனக்குக் கீழேயா?"

"டீச்சர் சொன்னது அப்படித்தானே."

இரண்டு இருக்கைக்கு முன்னால் கலினா திரும்பிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காது அப்படி. யாவோர் குரலைத் தணித்தான். தணித்தாலும் பேரம் பேசாமல் விட அவன் உடம்பு சம்மதிக்காது.

"மேனேஜர்னு பேரு உனக்கு. சந்தையில ஸ்டால்ல நின்னு பேசறது நான் மட்டும். போஸ்டர்ல என்ன போடணும்னு நான் சொல்றதுதான். நடுவர் வந்தா நான்தான் பேசுவேன், நீ பின்னாடி நிக்கணும்."

"சரி" என்றான் மோம்சில். யோசிக்கக்கூட இல்லை. எழுந்து போய் மற்ற மூன்று பேரோடு உட்கார்ந்துகொண்டான்.

யாவோர் அவன் முதுகைப் பார்த்தான். கேட்டதும் ஒருவன் சரி என்று சொல்லிவிட்டால், கேட்டது குறைவு என்றுதான் அர்த்தம். சீலைக் கேட்டிருக்கலாம். கணக்கர் யார் பக்கம் என்பதைக் கேட்டிருக்கலாம். கலினா எழுந்து மோம்சிலிடம் விதைப் பொட்டலத்தை நீட்டினாள், அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். இன்னும் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்று பாசர்ஜிக் வரும்வரை யாவோர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.